மூட்டு வலிக்கு ஒரு செட்: மதுரை வட்டார மருந்துக்கடைக்காரர்களுக்குத் திறந்த மடல்

மதுரை, திருமங்கலம், உசிலம்பட்டி, மேலூர், வாடிப்பட்டி பக்கம் மருந்துக்கடை நடத்துகிறவர்களுக்கும், அந்தக் கடைகளில் நின்று மருந்து எடுத்துக் கொடுக்கிறவர்களுக்கும்,

மூட்டு வலி என்று வந்து நிற்கும் வயதானவர்களுக்கு டாக்டர் சீட்டு இல்லாமல் நீங்கள் கட்டிக் கொடுக்கும் ‘செட்’ மாத்திரையை நிறுத்தச் சொல்லிக் கேட்கவே இதை எழுதுகிறேன். எல்லாக் கடையிலும் இது நடப்பதில்லை என்று தெரியும். செய்யாதவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். பக்கத்துக் கடைக்காரரிடம் இதை ஒரு முறை படிக்கக் கொடுங்கள்.

செட்டில் என்ன இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வாங்கிச் சாப்பிடுகிறவர்களின் பிள்ளைகளும் இதைப் படிக்கக்கூடும், அவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு வலி மாத்திரை, பெரும்பாலும் டைக்ளோஃபினாக் அல்லது அசிக்ளோஃபினாக். வயிறு எரியாமல் இருக்க ஒரு கேஸ் மாத்திரை. அப்புறம் பொடிசாக ஒன்று, டெக்சாமெத்தசோனோ பெட்டாமெத்தசோனோ. அந்தப் பொடிசுதான் ஸ்டீராய்டு. மூன்றையும் அட்டையிலிருந்து பிரித்துச் சின்னக் காகிதக் கவரில் போட்டு, காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று சொல்லிக் கொடுப்பீர்கள். கவரின் மேல் மருந்தின் பெயர் இருக்காது, காலாவதித் தேதி இருக்காது. பில்லும் கிடையாது.

என் அம்மாவுக்கு 67 வயது. திருமங்கலத்துக்கு மேற்கே ஒரு கிராமம். கல்யாணமாகி வந்த காலத்திலிருந்து பூவெடுக்கிறவர். மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது எல்லாப் பத்திரிகையிலும் மொட்டின் படம் வந்தது. அந்த மொட்டைச் செடியிலிருந்து கிள்ளும் விரல்களைப் பற்றி யாரும் எழுதியதாக நினைவில்லை. மொட்டை விடிவதற்குள் எடுத்தாக வேண்டும். வெயில் பட்டால் விலை போகாது. ஆகவே இருட்டோடு எழுந்து போகிற வேலை அது, இரண்டு விரல் நுனியில் நடக்கிற வேலை.

பெரியவர்கள் சரவாங்கி என்று சொல்லும் முடக்குவாதம் காலையில்தான் ஆளைப் படுத்தும். தூங்கி எழுந்ததும் விரல் மொளிகளும் மணிக்கட்டும் வீங்கி விறைத்திருக்கும். ஒரு மணி நேரம், சிலருக்கு அதற்கும் மேல் ஆகும் இளகுவதற்கு. அம்மாவின் கை இளகும் நேரத்தில் மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் வியாபாரம் பாதி முடிந்திருக்கும். விடிகாலை வேலைக்குப் போகும் ஒரு பெண்ணுக்கு இதைவிட மோசமான நோய் வாய்க்க முடியாது.

வந்த விதத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள்தான் இதை முதலில் பார்க்கிறவர்கள். 60 வயதுக்கு மேல் இந்த நோய் தொடங்கும்போது சிலருக்குத் திடீரென்று வருகிறது, விரலுக்கு முன்னால் தோள்பட்டையைப் பிடிக்கிறது. அம்மாவுக்கு அப்படித்தான். இரண்டு தோளும் ஒரே சமயத்தில் பிடித்துக்கொண்டன. கையைத் தூக்கித் தலை வார முடியவில்லை, இரவிக்கையில் கை நுழைக்க முடியவில்லை. கொஞ்ச நாளில் மணிக்கட்டு, அப்புறம் விரல்கள். ஊரில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். வயசானால் தேயத்தான் செய்யும் என்றார்கள். 2006இல் சிக்குன்குனியா வந்து ஊரே முடங்கிக் கிடந்ததே, அதன் மிச்சம் என்றார் ஒருவர். முடக்கத்தான் தோசை சாப்பிடச் சொன்னார் இன்னொருவர். நல்ல தோசை, அதன் மேல் எனக்குப் புகார் எதுவும் இல்லை.

புகார் அதற்கு அடுத்து நடந்ததில்தான். பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்து மெடிக்கலில் அம்மா போய்க் கையைக் காட்டினார். கடைத் தம்பி ஒரு செட் கொடுத்தார். மறுநாள் காலையில் விரல் மடங்கியது. இரண்டாம் நாள் அம்மா பூவெடுக்கப் போய்விட்டார்.

இது மாயமில்லை. 1948இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச் என்ற மருத்துவர், முடக்குவாதத்தால் நடக்கவே முடியாமல் கிடந்த ஒரு பெண்ணுக்கு கார்டிசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டார். சில நாட்களில் அந்தப் பெண் எழுந்து நடந்தார். உலகமே வியந்தது, 1950இல் ஹென்ச்சுக்கும் கெண்டால், ரைக்ஸ்டைன் இருவருக்கும் நோபல் பரிசு கொடுத்தார்கள். ஆனால் மருந்தை விடாமல் கொடுத்தால் என்ன ஆகும் என்பதும் வெகு சீக்கிரத்தில் அதே மருத்துவர்களுக்குத் தெரிந்துவிட்டது. முகம் உப்பியது, எலும்பு மெலிந்தது, சர்க்கரை ஏறியது, நிறுத்தினால் வலி இரட்டிப்பாகத் திரும்பியது. முக்கால் நூற்றாண்டுக்கு முன்னால் தெரிந்துவிட்ட சங்கதி இது. டாக்டர்கள் இன்றும் முடக்குவாதத்துக்கு ஸ்டீராய்டு எழுதத்தான் செய்கிறார்கள். குறைந்த அளவில், கொஞ்ச காலத்துக்கு, மற்ற மருந்து வேலை செய்யத் தொடங்கும் வரை எழுதுகிறார்கள், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்துகிறார்கள். உங்கள் கவரில் அளவும் இல்லை, முடிவும் இல்லை.

அம்மா இரண்டு வருஷத்துக்குப் பக்கம் அதைச் சாப்பிட்டார். வலி இல்லாததால் டாக்டரிடம் போகவில்லை. முகம் உருண்டையானது, ‘உடம்பு தேறிட்ட’ என்று சொந்தக்காரர்கள் சந்தோஷப்பட்டார்கள். கையில் லேசாகப் பட்டாலும் தோலுக்கடியில் ரத்தம் கட்டியது. முதுகில் ஒரு வலி வந்து நின்றது, பூ மூட்டை தூக்கிய பிடிப்பு என்று தைலம் தேய்த்தோம்.

அப்புறம் கோயம்புத்தூரில் ஒரு கல்யாணம். போன இடத்தில் கவர் தீர்ந்துபோனது. மூட்டு வலிதானே, ஊருக்குப் போய் வாங்கிக்கொள்ளலாம் என்று அம்மா யாரிடமும் சொல்லவில்லை. அடுத்தடுத்த நாட்களில் வாந்தி, எழுந்து நின்றால் தலை சுற்றல், பேச்சில் குழறல். கல்யாணச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தார்கள். ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது பிரஷர் கீழே போய்விட்டிருந்தது, ரத்தத்தில் சோடியமும் இறங்கியிருந்தது.

அங்கே இருந்த டாக்டர் கேட்ட முதல் கேள்வி, “என்ன மாத்திரை சாப்பிடுறாங்க?” மூட்டு வலிக்கு மெடிக்கலில் வாங்குவார்கள் என்று சொன்னேன். “பேரு என்ன?” அம்மாவின் பையில் ஒரு காலிக் கவர் இருந்தது. அதில் பேனாவால் இரண்டு கோடு போட்டிருந்தது, அவ்வளவுதான். கடைக்கு போன் போட்டுக் கேட்டேன். “சாதா வலி மாத்திரைதான்க்கா, அதுல ஒண்ணும் இல்ல” என்று பதில் வந்தது.

இந்த ஒரு பதிலை என்னால் மறக்க முடியவில்லை. என் அம்மா மயக்கத்தில் கிடக்கிறார், பெயரைச் சொன்னால் டாக்டருக்கு வழி தெரியும், அந்தப் பெயர் ஊரில் ஒருவருக்குத்தான் தெரியும், அவர் அதைச் சொல்லவில்லை. டாக்டர் அம்மாவின் உப்பிய முகத்தையும் சூம்பிய கைகளையும் ரத்தம் கட்டிய தோலையும் பார்த்துத் தானாக யூகித்தார். கார்டிசோல் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்துவிட்டு, முடிவு வருவதற்குக் காத்திராமல் ஹைட்ரோகார்டிசோன் ஊசியும் சலைனும் ஏற்றினார். அன்று மாலையே அம்மா கண் திறந்து கல்யாணம் நல்லபடி முடிந்ததா என்று கேட்டார்.

நடந்தது என்ன என்று அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த மட்டில் சொல்கிறேன். சிறுநீரகங்களுக்கு மேலே அட்ரினல் என்ற இரண்டு சின்னச் சுரப்பிகள் இருக்கின்றன. உடம்புக்குத் தேவையான ஸ்டீராய்டான கார்டிசோலை அவைதான் சுரக்கின்றன. ஒரு நாளைக்கு அவை சுரப்பது ஏறக்குறைய 5 மி.கி. பிரெட்னிசோலோனுக்கு ஈடு. 0.5 மி.கி. டெக்சாமெத்தசோன் 3 மி.கி. பிரெட்னிசோலோனுக்குக் கொஞ்சம் மேலே வரும். காலை ஒன்று, ராத்திரி ஒன்று என்றால் உடம்பு தானாகச் சுரப்பதைவிட அதிகமாக வெளியிலிருந்தே வந்துவிடுகிறது. மாதக்கணக்கில் இப்படி வந்தால் சுரப்பி தன் வேலையை நிறுத்திவிடும். ஒரு நாள் மாத்திரை நின்றால், உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. பிரஷர் விழும், ஆளும் விழுவார். காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ சேர்ந்துகொண்டால் உயிரே போகலாம்.

மதுரைக்குக் கூட்டி வந்து வாத நோய் பார்க்கும் டாக்டரிடம் காட்டினோம். சிசிபி ஆன்டிபாடி என்ற ரத்தப் பரிசோதனையில் முடக்குவாதம் உறுதியானது. கை எக்ஸ்ரேயில் மொளி எலும்புகளின் ஓரம் அரித்திருந்தது. முதுகு எக்ஸ்ரேயில் ஒரு முள்ளெலும்பு நொறுங்கி அமுங்கியிருந்தது. நாங்கள் தைலம் தேய்த்தது அதற்குத்தான். சர்க்கரையும் சேர்ந்திருந்தது. இதில் எது நோயின் வேலை, எது மாத்திரையின் வேலை என்று டாக்டர் பிரித்துச் சொன்னபோது மாத்திரையின் பங்குதான் நீளமாக இருந்தது.

அம்மாவின் நோய்க்காக மட்டும் என்றால் இந்த மடலை எழுதியிருக்க மாட்டேன். ஊருக்குத் திரும்பியதும் டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துக்கொண்டு அந்தக் கடைக்குப் போனேன். கடைக்காரர் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார், நாற்காலி போட்டார். காகிதத்தை வாசித்துவிட்டு, “சரிக்கா, அம்மாவுக்கு இனிமே குடுக்க மாட்டேன்” என்றார். மற்றவர்களுக்கு? “கேக்குறாங்க, குடுக்கிறோம். எல்லாருக்கும் நல்லாத்தான் கேக்குது, உங்கம்மாவுக்குத்தான் ஒத்துக்கல. நான் குடுக்கலைன்னா அடுத்த கடையில வாங்குவாங்க.” சில நாள் கழித்துப் பக்கத்து வீட்டுப் பெரியம்மா முந்தானையில் முடிந்து வைத்திருந்த கவரை எடுத்து எனக்குக் காட்டினார். அதே இரண்டு கோடு.

ஒத்துக்கொள்ளவில்லை என்பது சரியல்ல, ஐயா. கத்தரிக்காய் சிலருக்கு அரிக்கும், சிலருக்கு அரிக்காது. தினமும் ஸ்டீராய்டு சாப்பிட்டால் எலும்பு மெலிவதும், சர்க்கரை ஏறுவதும், கண்ணில் புரை விழுவதும், அடங்கிக் கிடந்த காசநோய் தலைதூக்குவதும் அந்த மருந்தின் குணம். யாருக்கு எது முதலில் வரும் என்பதில்தான் வித்தியாசம். கூடவே இருக்கும் வலி மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கும், பிரஷரை ஏற்றும், வயதானவர்களின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் செத்த மாட்டின் கறி வழியாகப் போய்ப் பிணந்தின்னிக் கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது என்று 2006இல் இந்தியாவில் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள். செய்ய வேண்டிய காரியம்தான். எங்கள் ஆத்தாக்களுக்கும் அதில் கொஞ்சம் அக்கறை கிடைத்தால் நன்றாக இருக்கும்.

அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள் என்பதில் நியாயம் இருக்கிறது. வாடகை, கரண்ட் பில், கம்பெனிக்குக் கட்ட வேண்டிய பணம் எல்லாம் உங்களுக்கும் உண்டு. இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். பூவெடுக்கிறவரோ களையெடுக்கிறவரோ ஒரு நாள் ஓ.பி. சீட்டு வாங்கி வரிசையில் நின்றால் அன்றைய கூலி போச்சு. நீங்கள் ராத்திரி 9 மணிக்கும் கடை திறந்து வைத்திருக்கிறீர்கள். ‘என்ன ஆத்தா, கை எப்படி இருக்கு’ என்று கேட்கிறீர்கள். அவர்களுக்கு நீங்கள்தான் டாக்டர். செட் கட்டிக் கொடுக்கும் டாக்டர்களும் நம் பக்கம் இருக்கிறார்கள், அவர்களுக்குத் தனியாக ஒரு மடல் எழுத வேண்டும். ஆனால் டாக்டராக நம்பப்படுகிறவருக்கு டாக்டரின் பொறுப்பில் கொஞ்சமாவது வர வேண்டும் அல்லவா?

சட்டமும் உங்களுக்குத் தெரியும். டெக்சாமெத்தசோனும் டைக்ளோஃபினாக்கும் 1945ஆம் வருஷத்து மருந்து விதிகளின் ஷெட்யூல் ஹெச் பட்டியலில் இருக்கின்றன. பதிவு பெற்ற மருத்துவரின் சீட்டு இல்லாமல் சில்லறையில் விற்கக் கூடாது என்று அட்டையிலேயே அச்சடித்திருக்கிறது. அட்டையைப் பிரித்துக் கவரில் போடும்போது அந்த எச்சரிக்கையும் கடையிலேயே தங்கிவிடுகிறது. சீட்டுக்கு மருந்து கொடுக்க வேண்டியவர் பதிவு பெற்ற மருந்தாளுநர் என்று 1948ஆம் வருஷத்து பார்மசி சட்டம் சொல்கிறது. சுவரில் சான்றிதழ் தொங்குகிறது, கடையில் பிளஸ் டூ முடித்த பையன் நிற்கிறான். பையனைக் குறை சொல்லவில்லை, அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

சீட்டு இல்லாமல் தர முடியாது என்று சொன்னால் வியாபாரம் நடக்காது என்பவர்களுக்கு 2020 மார்ச் மாதத்தை நினைவூட்டுகிறேன். ஹைட்ராக்சிகுளோரோகுயின் கொரோனாவைத் தடுக்கும் என்று ஒரு பேச்சு கிளம்பி, அந்த மாத்திரை கடைகளில் காணாமல் போனது. மத்திய அரசு அதை ஹெச்1 என்ற இன்னும் கடுமையான பட்டியலின் மருந்துகளுக்கான நிபந்தனையின் கீழ்தான் விற்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. சீட்டைப் பார்க்காமல், நோட்டில் எழுதாமல் கொடுக்க மாட்டோம் என்று கடைகளில் சொன்னார்கள். தெரிந்தவர் வந்து கேட்டாலும் சொன்னார்கள். கடை எதுவும் மூடிப் போகவில்லை. (அது சரவாங்கிக்காரர்கள் வருஷக்கணக்கில் சாப்பிடும் மாத்திரை. அந்த மாதங்களில் அது கிடைக்காமல் அவர்கள் அலைந்த கதை வேறு.) எல்லாரும் சேர்ந்து மறுத்தால் அடுத்த கடை என்று ஒன்று இல்லை.

மதுரையில் உட்கார்ந்துகொண்டு முடக்குவாதத்தைப் பற்றி எழுதும்போது டாக்டர் கோ. வெங்கடசாமியைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1918இல் எட்டயபுரம் பக்கத்தில் வடமலாபுரத்தில் பிறந்தவர். பிரசவ மருத்துவராக வேண்டும் என்று நினைத்திருந்தவரை 30 வயதை ஒட்டி இந்த நோய் பிடித்து ஒரு வருஷத்துக்கு மேல் படுக்கையில் போட்டது. விரல்கள் கோணிப்போயின. அந்த விரல்களால் கத்தியைப் பிடிக்கப் பழகிக் கண் மருத்துவரானார். ஒரு லட்சத்துக்கு மேல் கண் அறுவை செய்தார். அரசு வேலையில் ஓய்வு பெற்ற பிறகு 1976இல் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். நம் ஊரில் கை கோணிய ஒருவரிடம் ஆறுதலாகப் பேச வருகிறவர்கள் இவர் கதையைச் சொல்வார்கள். எனக்கு அதில் வேறொன்று உறைக்கிறது. அவருக்கு நோய் வந்த காலத்தில் விரலைக் காப்பாற்றும் மருந்து கிடையாது. மெத்தோட்ரெக்சேட்டை முடக்குவாதத்துக்கு அமெரிக்க அரசு அனுமதித்ததே 1988இல்தான். இன்று அது அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் இருக்கிறது, விலையும் அதிகமில்லை. அறிகுறி தொடங்கி 3 மாதத்துக்குள் இப்படிப்பட்ட மருந்தைத் தொடங்க வேண்டும் என்கிறார்கள் ஐரோப்பிய வாத நோய் வல்லுநர்கள். அந்த 3 மாதத்தில் என் அம்மா உங்கள் கவரைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் விரல் கோணியதற்கு நோய் மட்டும் காரணம் என்று என்னால் சொல்ல முடியாது.

மெத்தோட்ரெக்சேட் என்றதும் இன்னொரு புகார். இப்போது அம்மா சாப்பிடுவது அதைத்தான். வாரத்துக்கு ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை. வேறு ஒரு நாளில் ஃபோலிக் ஆசிட். முதல் முறை சீட்டைக் கொண்டுபோய் வாங்கியபோது, கடையில் இருந்தவர் பழக்க தோஷத்தில் அட்டையின் பின்னால் ‘1 – 0 – 0’ என்று எழுதிக் கொடுத்தார். தினமும் காலையில் ஒன்று என்று அர்த்தம். சீட்டில் டாக்டர் கிழமையைச் சிவப்பு மையில் சுழித்திருந்ததால் தப்பித்தோம். தினமும் சாப்பிட்டால் வாயெல்லாம் புண்ணாகி, எலும்பு மஜ்ஜை ஒடுங்கி, ரத்த அணுக்கள் குறைந்து ஆள் இறந்துகூடப் போகலாம். இந்த மருந்து சிறுநீரகம் வழியாக வெளியேறுகிறது. வயதானவர்களுக்குச் சிறுநீரகம் மந்தமாக இருக்கும், ஆகவே ஆபத்து இன்னும் அதிகம். சளிக்கும் நீர்க்கடுப்புக்கும் சாதாரணமாக எடுத்துக் கொடுக்கும் கோட்ரைமாக்சசோல் இதோடு சேர்ந்தாலும் அதே ஆபத்துதான். இதெல்லாம் உங்கள் படிப்பில் இருக்கிறது. எனக்கு ஒரு டாக்டர் பொறுமையாகச் சொல்லித் தெரிந்தது.

வயசானால் வலிக்கத்தான் செய்யும் என்று தயவுசெய்து நீங்களாவது சொல்லாதீர்கள். 2019 கணக்குப்படி உலகத்தில் முடக்குவாதத்தோடு வாழ்கிறவர்கள் 1 கோடியே 80 லட்சம் பேர் என்றும், அதில் 70 சதவீதம் பெண்கள், 55 சதவீதம் பேர் 55 வயதைத் தாண்டியவர்கள் என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. உங்கள் கடையில் செட் கேட்டு வரும் கூட்டத்தில் பெரும்பாலானவர்களுக்கு முழங்கால் தேய்மானமாகத்தான் இருக்கும். பிரித்துப் பார்ப்பது அவ்வளவு கஷ்டமும் இல்லை. தேய்மானம் நடந்தால் வலிக்கும், உட்கார்ந்தால் குறையும், காலை விறைப்பு அரை மணிக்குள் விட்டுவிடும். சரவாங்கி இரண்டு கையையும் ஒரே மாதிரி பிடிக்கும், மொளிகள் வீங்கும், காலை விறைப்பு மணிக்கணக்கில் நீளும், கை வேலை செய்யச் செய்ய இளகும். சரவாங்கிக்கு எடுக்கும் ஆர்.ஏ. ஃபாக்டர் என்ற ரத்தப் பரிசோதனை நெகட்டிவ் என்று லேப் ரிப்போர்ட் காட்டினாலும் நோய் இருக்கலாம்; நோயே இல்லாத வயதானவர் சிலருக்கு அது பாசிட்டிவாகவும் வரும். ஆகவே ரிப்போர்ட்டைப் பார்த்துக் கடையிலேயே தீர்ப்புச் சொல்லிவிட வேண்டாம். எந்த வலியானாலும் அதற்கு மருந்து பெயரில்லாத கவர் இல்லை.

இனி நான் கேட்பது.

சீட்டு இல்லாமல் ஸ்டீராய்டு மாத்திரை கொடுப்பதை நிறுத்துங்கள். புதிதாக வலி என்று வருகிறவருக்கு இன்றிலிருந்தே நிறுத்துங்கள். ஆனால் மாதக்கணக்கில் ஏற்கனவே சாப்பிட்டுக்கொண்டிருப்பவருக்கு நாளைக் காலையில் ‘இனிமே கிடையாது’ என்று கையை விரித்துவிடாதீர்கள். என் அம்மாவுக்கு நடந்தது அவருக்கும் நடக்கும். அவர் சாப்பிட்ட மாத்திரையின் பெயர், அளவு, எவ்வளவு காலமாக என்பதை ஒரு தாளில் எழுதி, கடை முத்திரை போட்டு, அவர் வீட்டு ஆளையும் கூப்பிட்டுச் சொல்லி, அந்த வாரத்துக்குள் டாக்டரிடம் அனுப்புங்கள். திடீரென்று நிறுத்தக் கூடாது என்று அவரிடமும் சொல்லுங்கள். இதை எழுதிக் கொடுத்தால் மாட்டிக்கொள்வோம் என்று பயம் வரும். எழுதிக் கொடுக்கிற கடையின் மேல் நான் புகார் கொடுக்க மாட்டேன். எங்கள் தெருவில் செட் சாப்பிடும் மற்றவர்களின் வீட்டாரிடமும் பேசிவிட்டேன், அவர்களும் கொடுக்க மாட்டார்கள்.

எந்த மாத்திரையானாலும் பெயரும் காலாவதித் தேதியும் தெரிகிற மாதிரி அட்டையோடு கொடுங்கள், பில் போடுங்கள். யாராவது ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்து என்ன மாத்திரை கொடுத்தீர்கள் என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள்.

மெத்தோட்ரெக்சேட் விற்கும்போது ‘வாரம் ஒரு முறை’ என்று தமிழில் எழுதி, எந்தக் கிழமை என்று சீட்டைப் பார்த்து அட்டையிலேயே போட்டுக் கொடுங்கள். வாங்குகிறவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். 4 வாரத்துக்கு மேல் மொத்தமாகக் கொடுக்காதீர்கள். வாயில் புண், காய்ச்சல் என்று அவர் வந்து நின்றால் மருந்து கொடுக்காமல் அன்றைக்கே டாக்டரிடம் அனுப்புங்கள்.

காலையில் எழுந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் கை விறைக்கிறது, மொளி வீங்குகிறது என்று சொல்கிறவரை மதுரை பெரியாஸ்பத்திரிக்கோ வாத நோய் பார்க்கும் வேறு டாக்டரிடமோ போகச் சொல்லுங்கள். கடையில் ஒரு அட்டையில் எழுதி மாட்டினால் இன்னும் நல்லது. ஒரு ஆத்தாவுக்கு நீங்கள் சொன்னால் போவார். பிள்ளைகள் நாங்கள் சொல்லிக் கேட்பதில்லை.

கடைசியாக, உங்கள் சங்கங்களிடம் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு தாலுகாவிலும் இதற்கென்று ஒரு கூட்டம் போட்டு, எந்தக் கடையும் செட் கட்டுவதில்லை என்று தீர்மானம் எழுதுங்கள், அதைக் கடை வாசலில் ஒட்டுங்கள். பொங்கலுக்குள் இது நடந்தால் சரி. நடக்காவிட்டால், பெயரில்லாத கவர்களை எங்கள் ஊர்களில் வீடு வீடாகச் சேகரித்து, வாங்கிய கடை, வாங்கிய தேதி எழுதி, மருந்து ஆய்வாளரிடம் நாங்களே கொண்டுபோய்க் கொடுப்போம். முதல் கவர் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவுடையது. அவர் சம்மதித்துவிட்டார்.

இப்படிக்கு,
திருமங்கலம் வட்டாரத்திலிருந்து ஒரு மகள்